மூன்று முழு முந்திரி

1

போன செவ்வாய்க்கிழமை சுங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சிதம்பரத்திலிருந்து என் பெயருக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறதாம். உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு, எதற்காக என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் விடுவிப்பார்களாம். ஃபின்லாந்தில் படிவம் கேட்காமல் வீட்டு வாசலுக்கு வருவது பனி மட்டும்தான்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் எளிது. முந்திரிப்பருப்பு. ஒரு கிலோ. மூன்றாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. என் மாமியார் அதை அனுப்பியது பாயசத்துக்காக இல்லை. என் கணவர் அடுத்த மாதம் புது வேலையில் சேர்கிறார், அதற்காக. ஒரு மனிதன் வேலையில் சேர்வதற்கும் ஒரு கிலோ முந்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று ஃபின்லாந்து அரசாங்கத்துக்கு நான் எப்படி விளக்குவது? 'உணவு' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த முந்திரி விஷயத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய பொய்யை நான் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையை எழுத அந்தப் படிவத்தின் கட்டத்தில் இடம் போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் என்னைத் திட்டலாம். கடைசி வரை படித்துவிட்டுத் திட்டினால் நல்லது.

2

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவள். பெயர் ஜெசிந்தா. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். எங்கள் வீட்டில் ஜாதகம், ராகுகாலம், சகுனம் எதுவும் கிடையாது என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. "நாம வேதக்காரங்க, நமக்கு அதெல்லாம் இல்ல" என்பார். சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினால், ரயில்வே கேட்டைத் தாண்டும்போது கட்டாயம் நெற்றியில் கை போகும், சிலுவை போட்டுக்கொள்வார். ஒரே ஒரு நாள் மறந்துவிட்டாராம். அன்று பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்துபோனதாம். அது சகுனமில்லையா என்று கேட்டால் கோபம் வரும். அது சாட்சியாம்.

வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். ஒரு திரவத்தில் லட்சத்தில் ஒரு பங்கு அழுக்கு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கருவிகள் அங்கே இருந்தன. ஆயுத பூஜை அன்று அவற்றுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைப்போம். "லென்ஸ்ல படாம வையும்மா" என்பார் எங்கள் மேலாளர். அறிவியலுக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

அந்தக் கருவிகள் பழுதானால் சரிசெய்ய சென்னையிலிருந்து வந்த என்ஜினியர்தான் சபாபதி. சிதம்பரம் மேலவீதிக்காரர், கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு. முதல்முறை வந்தபோது, கருவியைத் திறக்கும் முன் மூடியில் விரலால் மூன்று தடவை தட்டினார். எதற்கு என்று கேட்டேன். "லூஸ் கனெக்‌ஷன் இருக்கான்னு பாக்கறேன்" என்றார். இரண்டாம் முறையும் மூன்று தட்டு. மூன்றாம் முறை அவர் தட்டியது, அன்று காலைதான் பெட்டியிலிருந்து இறக்கிய, ஒயர்கூட மாட்டாத புதுக் கருவியை.

"அதுல இன்னும் கனெக்‌ஷனே இல்ல சார்" என்றேன்.

அவர் காது சிவந்துபோனது. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அப்போதுதான். 2004இல் கல்யாணம். இரண்டு வீட்டுச் சடங்கும் நடந்தது. இரண்டு வீட்டாரும் அடுத்த வீட்டுச் சடங்கை மூடநம்பிக்கை என்று என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். மறு வருஷம் அவருக்கு ஃபின்லாந்தின் வடக்கே ஒரு கடலோர ஊரில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். அதற்கடுத்த வருஷம் மீனா பிறந்தாள்.

3

2009 வாக்கில் சபாவின் கம்பெனியில் ஆட்குறைப்பு ஆரம்பித்தது. நாங்கள் இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி அந்த வேலையோடு சேர்ந்தது. அது போனால் நாங்களும் மூட்டை கட்ட வேண்டும். மற்ற கம்பெனிகளின் வேலை விளம்பரங்களில் எல்லாம் கடைசி வரி ஒன்றுதான்: ஃபின்னிஷ் மொழித் தேர்வில் தேறிய சான்றிதழ் வேண்டும்.

ஃபின்னிஷில் நம் தமிழைப் போலவே குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். 'தபான்' என்று நீட்டினால் சந்திக்கிறேன், 'தபன்' என்று குறுக்கினால் கொல்கிறேன். குறில் நெடில் தெரிந்த தமிழனுக்கு இது ஒரு விஷயமா என்பீர்கள். சபா ஒரு நாள் மாலை வகுப்பு முடிந்து கிளம்பும்போது ஆசிரியையிடம், "திங்கட்கிழமை உங்களைக் கொல்கிறேன்" என்று பணிவாகச் சொன்னார். ஆசிரியை டைரியைத் திறந்து, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டாராம்.

முதல் தடவை தேர்வில் தோற்றார். காரணம் குறில் நெடில் இல்லை. எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருக்கும் பெரியவர் நாலு வருஷத்தில் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த ஊர் வழக்கம் அது. அன்று காலை பார்த்து லிஃப்டில் சபாவிடம், "எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டார். "நாலு வருஷம் பேசாத மனுஷன், ஜெசி. அன்னைக்குத்தான் கேக்கணுமா? எங்க போறேன்னு கேட்டா எந்தக் காரியம் உருப்படும்?" என்று ஒரு வாரம் புலம்பினார்.

இரண்டாம் தடவை தோற்றதற்குக் காரணம் நான். அவர் அடையாள அட்டையை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அது இல்லாமல் தேர்வறைக்குள் விடமாட்டார்கள். நான் செருப்பில்லாமல் பனியில் ஓடி, "சபா, சபா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டு அட்டையைக் கையில் கொடுத்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டதால்தான் தோற்றாராம்.

மூன்றாவது தேர்வு 2010 நவம்பரில், ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், வசந்த காலத்தில் அவர் பிரிவையே மூடப்போகிறார்கள் என்ற கடிதம் வந்திருந்தது. இந்தத் தடவை விட்டால் அடுத்த தேர்வு வருவதற்குள் நாங்கள் ஊரில் இருப்போம்.

சனிக்கிழமை ஒன்பது மணி என்றதும் தமிழ் வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம். சபா பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார். ராகுகாலம் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவது. இங்கே நவம்பரில் சூரியன் ஒன்பது மணிக்கு எழுந்து மூன்று மணிக்குப் படுத்துவிடும். ஆறு மணி நேரப் பகலை எட்டாக வகுத்தால் சனிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பதினொன்றேகால். அப்பாடா என்றிருந்தார், தேர்வின் நடுவில் வருவதால் ஆரம்பத்துக்குக் கேடில்லை என்று. போனில் அவர் அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. நீ பிறந்த ஊர் நேரம்தான் உனக்குக் கணக்கு என்றார். அப்படிப் பார்த்தால் இங்கே விடிகாலை ஐந்தரையிலிருந்து ஏழு. கிளம்பத் தயாராகிற நேரம் அது. போதாததற்குச் சுவரில் தொங்கும் காலண்டரில் அச்சடித்த ஒன்பது டு பத்தரை வேறு. ஆக ஒரே காலையில் மூன்று ராகுகாலம்.

4

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, சபா ஒரு காலில் மட்டும் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் போகல, ஜெசி. மார்ச்ல எழுதிக்கறேன்."

"மார்ச்ல நாம இங்க இருப்பமான்னே தெரியல."

"எப்பிடியும் பெயிலாத்தான் ஆவப்போறேன். இன்னைக்குக் காலைல எந்த நேரத்த எடுத்தாலும் எதனா ஒண்ணுல மாட்டுது. நான் என்னா பண்ணட்டும்?"

நான் அடுப்படியில் மீனாவுக்கு ரவா கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். கையில் முந்திரி. என் அம்மாவின் ஊர் பண்ருட்டி பக்கம் காடாம்புலியூர். அந்தோணி மாமா, அம்மாவின் தம்பி, அங்கே முந்திரித் தோப்பு வைத்திருப்பவர், வருஷா வருஷம் அனுப்புவார். வாசலில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தாயிற்று, திட்டிப் பார்த்தாயிற்று. பஸ்ஸுக்குப் பன்னிரண்டு நிமிஷம்தான் இருந்தது.

"எங்கம்மா ஊர்ல இதுக்கு ஒண்ணு இருக்கு" என்றேன். அதைச் சொல்லி முடிக்கும்வரை அப்படி ஒன்று இருக்கப்போகிறது என்று எனக்கே தெரியாது.

"என்னாது?"

"முந்திரி. மூணு. முழுசா இருக்கணும், உடைஞ்சது ஆவாது. எடது பாக்கெட்ல போட்டுக்கினு போவணும். காரியம் முடிஞ்சு வந்ததும், உள்ள நுழையறதுக்கு முந்தி வாசப்படிலயே நின்னு, யாரோடயும் பேசாம மூணையும் தின்னுடணும்."

"ராகுகாலத்துக்குமா?"

"ராகுகாலத்துக்குன்னே உள்ளதுதான்."

சபா என் முகத்தை உற்றுப் பார்த்தார். பரிசோதனைக்கூடத்தில் தப்பான முடிவு வந்தாலும் முகத்தில் காட்டாமல் எழுதிப் பழகியவள் நான். "இதுவரைக்கும் சொல்லவே இல்லியே" என்றார்.

"நீங்க கேக்கல."

மூன்று முந்திரியைப் பொறுக்கி அவர் பாக்கெட்டில் போட்டேன். மற்றொரு பூட்ஸையும் மாட்டிக்கொண்டு ஓடினார். கால் மணி நேரத்தில் பஸ்ஸிலிருந்து போன். இந்த ஊர் பஸ்ஸில் யாரும் மூச்சுகூடச் சத்தமாக விடமாட்டார்கள். அவர் கிசுகிசுத்தார்.

"ஜெசி, ஒண்ணு ரெண்டாப் பொளந்துகிச்சு."

"ரெண்டு பாதியும் பாக்கெட்ல இருக்கா?"

"இருக்கு."

"அப்போ அது முழுசுதான்."

இரண்டு நிமிஷத்துக்கு ஒரு சட்டம் என்ற கணக்கில் நான் சாஸ்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறையில் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் உள்ளே போயிருப்பார். எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. கேசரி அடிப்பிடித்துக் கருகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் அவர் திரும்பி வந்து, வாசலில் நின்று ஒவ்வொன்றாக மென்றார். அந்த நேரத்தில் எதிர் ஃபிளாட் பெரியவர் கதவைத் திறந்து வணக்கம் சொன்னார். சபா பதில் சொல்லாமல், அவரையே பார்த்துக்கொண்டு, மென்றுகொண்டே நின்றார். பெரியவர் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

5

ஜனவரியில் முடிவு வந்தது. தேறிவிட்டார். அந்த வசந்தத்திலேயே அதே ஊரில் வேறொரு கம்பெனியில் தற்காலிக வேலையும் கிடைத்தது. உண்மையைச் சொல்லிச் சேர்ந்து சிரிக்கலாம் என்று நான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், நல்ல நேரம்தான். அதற்குள் அவர் சிதம்பரத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

மறுமுனையில் அத்தையின் குரல் எனக்கும் கேட்டது. "உம் பொண்டாட்டி வூட்டு வழக்கமா? வேதக்காரங்க கிட்டகூட இதெல்லாம் இருக்குதா?" அந்தக் குரலில் என் மேல் இருந்த மரியாதை, கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் கேட்டறியாதது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. உண்மையை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். வாரம் மாதமாயிற்று.

அந்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை போனில் செய்தி வந்துகொண்டே இருந்தது. சித்தப்பா மகன் முந்திரியோடு போய் டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டான். பக்கத்து வீட்டு அம்மாள் முந்திரியோடு போய்ப் பல் பிடுங்கிக்கொண்டாள், வலியே இல்லையாம். லைசென்ஸ் கிடைக்காமல் திரும்பிய இன்னொருவன், வழியில் பசிக்கு ஒன்றைத் தின்றுவிட்டது பின்னால் தெரியவந்தது. பலித்தால் முந்திரியின் பெருமை, பலிக்காவிட்டால் மனிதனின் தப்பு. நான் வேலை பார்த்த கூடத்தில் எந்தக் கருவிக்கும் இப்படியொரு சௌகரியம் இருந்ததில்லை.

6

சிரிப்பு நின்றது 2011 டிசம்பரில். மீனாவுக்கு ஐந்து வயது. பகல் நேரக் காப்பகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது, உடனே வரச் சொல்லி.

அன்று குழந்தைகளைப் பனிச்சறுக்குக்கு அழைத்துப் போகிற நாள். மீனா வீட்டிலிருந்து ஒரு கை முந்திரியை எடுத்துப் போய், தன் கூட்டாளிகளின் கையுறைகளுக்குள் ஆளுக்கு ஒன்றாகப் போட்டு வைத்திருக்கிறாள். அதில் ஐனோ என்ற பெண்ணுக்குக் கொட்டைப்பருப்பு எதுவும் ஒத்துக்கொள்ளாது. வாயில் பட்டால் தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிடும். எங்கள் வீட்டிலிருந்து முந்திரி, வேர்க்கடலை எதுவும் கொண்டுவரக் கூடாது என்று நான் கையெழுத்துப் போட்ட படிவம் சுவரிலேயே ஒட்டியிருந்தது. ஐனோ கையுறைக்குள் விரலை விடும் முன் ஆசிரியை பார்த்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஐனோவின் அம்மாவும் அங்கே இருந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. மகளின் கைகளைத் திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆசிரியை என்னைத் தனியாக அழைத்து, மிக மரியாதையாகக் கேட்டார். "இது உங்கள் மத வழக்கமா? அப்படியென்றால் குழந்தையின் கோப்பில் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த மதத்தின் கீழ் என்று சொல்ல முடியுமா?"

"எந்த மதமும் இல்லை. என் தப்பு" என்றேன். அதற்கு அவர் படிவத்தில் கட்டம் இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது மீனா அழுதுகொண்டே சொன்னாள். அவள் தமிழ் ஃபின்னிஷைத் தலைகீழாகப் போட்டது போல இருக்கும். "ஐனோ விழறா, அம்மா, நிறைய. அவளுக்குத்தான் சறுக்கு வராது. அதனால அவளுக்கு நான் போட்டேன் ரெண்டு."

அன்று சாயங்காலம் சபாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காடாம்புலியூரில் அப்படி ஒரு வழக்கமும் கிடையாது, அடுப்படியில் நின்ற இடத்தில் நான் கட்டிவிட்டது என்று. அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"எவ்ளோ நாளா சிரிச்சுக்கினு இருந்தே?"

"ஒரு வருஷமா."

இரண்டு நாள் வீட்டில் உப்பு, சாவி, குப்பை தவிர வேறு பேச்சு இல்லை. மூன்றாம் நாள் அவரே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு உள்ள போயி பேசற தேர்வுக்கு ஹெட்போன மாட்டினதும் தலைக்குள்ள ஒண்ணுமே இல்ல, ஜெசி. ஒரு வார்த்த ஞாபகம் வரல. எடது பாக்கெட்ல கைய வச்சேன். நாலு துண்டு இருந்துச்சு. நீ வூட்ல உக்காந்து என்னையே நெனச்சுக்கினு இருப்பேன்னு தோணுச்சு. அப்புறம்தான் பேச்சு வந்துது. அது பொய்யா?"

"அது பொய் இல்ல."

"அப்போ சரி." எழுந்து போனவர் திரும்பினார். "ஆனா அம்மா கிட்ட நீயேதான் சொல்லணும்."

7

2012 ஜூனில் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். முதலில் அம்மாவோடு காடாம்புலியூர். போன டிசம்பர் கடைசியில் அடித்த புயலில் மாமாவின் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. அம்மா பிறப்பதற்கு முன்பே நட்ட மரங்கள். அவை வேர் வானத்தைப் பார்த்துக் கிடந்த குழிகள் அப்படியே இருந்தன. பேச்சை மாற்றலாம் என்று மாமாவிடம் சிதம்பரத்தில் நடக்கும் முந்திரிக் கூத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அதுக்கு அந்த சக்தி இருந்தா மொதல்ல மரத்தக் காப்பாத்திக்கினு இருக்கும்ல" என்றார். பிறகு, புதுக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட எழுந்து போனார்.

சிதம்பரத்துக்கு அந்த வார்த்தையோடுதான் போனேன். அத்தை கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆய்ந்தேன்.

"அத்தை, அந்த முந்திரி இருக்கே, அது எங்கம்மா ஊரு வழக்கம் இல்ல. நான் பொய் சொன்னேன்."

அத்தை நிமிர்ந்தார். "பின்ன யாரு வழக்கம்?"

"யாரோடதும் இல்ல."

"உனக்கு யாரு சொல்லிக்குடுத்தது?"

"யாரும் சொல்லல அத்தை. அன்னைக்கு இவரு கிளம்பமாட்டேன்னு உக்காந்துட்டாரு. அந்த நேரத்துல என் வாய்ல தானா வந்துது."

அத்தையின் கையிலிருந்த கீரைக் காம்பு கீழே விழுந்தது. "தானா வந்துதா?"

"ஆமா."

அத்தை இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "யம்மாடி. யாரும் சொல்லிக்குடுக்காம, அந்த நேரத்துல, வேதக்கார வூட்டுப் பொண்ணு வாய்ல தானா வருதுன்னா அது சும்மா வருமா?"

நான் பின்னால் உட்கார்ந்திருந்த சபாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். தாள் குலுங்கியது.

சாயங்காலத்துக்குள் மேலவீதியில் விஷயம் பரவிவிட்டது. பூக்காரம்மாள் என் கையால் முந்திரி வேண்டும் என்று வந்து நின்றாள்.

8

பக்கத்து வீட்டுச் சுகந்தி என்ஜினியரிங் முடித்திருந்தாள். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. கிளம்புகிற காலையில் அவள் அம்மா கையில் முந்திரிப் பொட்டலத்தோடு நிற்பதைப் பார்த்ததும், இந்தப் பெண்ணிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நேராக வாசலுக்குப் போனேன்.

"சுகந்தி, இதுல ஒண்ணும் கிடையாது. நான் சும்மா சொன்னது. நீ படிச்சத நம்பிப் போ."

அம்மா உள்ளே செருப்பு தேடப் போகும்வரை காத்திருந்து, சுகந்தி தாழ்ந்த குரலில் சொன்னாள். "தெரியும்க்கா. நான் போயிடுவேன். சாயங்காலம் வரைக்கும் அம்மா என்னா பண்ணுவாங்க சொல்லுங்க. அவுங்களுக்குத்தான் இது."

பொட்டலத்தைக் கைப்பையில் போட்டு, அதை இடது தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். கருகிப்போன கேசரி வாசனை மூக்கில் அடித்தது போலிருந்தது.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. இதோடு முந்திரி ஒழிந்தது என்று நினைத்தேன். மேலவீதி வேறு முடிவுக்கு வந்தது. சுகந்தியின் அம்மாவும் பக்கத்தில் நின்று நான் பேசியதைக் கேட்டவள்தானே. வாக்குச் சொன்னவளே வாசலில் வந்து நின்று, புறப்படுகிற நேரத்தில், ஒன்றும் கிடையாது என்று சொன்னால் எப்படிப் பலிக்கும்? முந்திரிமேல் குற்றமில்லை. அபசகுனம் நான்தான்.

பத்து நாள் கழித்து அவளுக்குக் கடலூரில் இன்னொரு இன்டர்வியூ வந்தது. அதற்கு முதல் நாள் அத்தை என் தட்டில் இரண்டாவது முறையாகப் பொரியல் வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஜெசி, தப்பா எடுத்துக்காத. நாளைக்குக் காலைல ஒரு ஒம்பது மணி வரைக்கும் நீ பின்னாடி ரூம்லயே இரேன். அந்தப் பொண்ணு கிளம்பிடட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. என்னைப் போல எத்தனை பேரை ஊர் இப்படிப் பின்னறைக்கு அனுப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சண்டை போட்டிருக்கலாம். ஆனால் சுகந்தியின் அம்மா அன்று காலையிலிருந்து நாலு தடவை எங்கள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனதை நானும் பார்த்திருந்தேன்.

மறுநாள் காலை மீனாவோடு பின்னறையில் உட்கார்ந்தேன். அரிசி மூட்டைக்கும் பழைய சூட்கேசுகளுக்கும் நடுவில் ஒரே தூசி. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சுகந்தி, "போயிட்டு வரேம்மா" என்றாள். அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காது அடைத்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் செருப்புச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை விடவில்லை.

"அம்மா, ஏன் மூக்க பிடிக்கறே நீ?" என்றாள் மீனா.

"சும்மா" என்றேன்.

சுகந்திக்கு அந்த வேலை கிடைத்தது. நன்றாகப் படிக்கிற பெண், கிடைக்காமல் போயிருந்தால்தான் ஆச்சரியம். இதுவரை கேட்டவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். தும்மலை அடக்கியதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.